முடியாத ஆயுத பூஜை

செங்கம் ரோட்டில் ஆதிமூலத்தின் கடையைவிட அதன் போர்டு பெரியது. 'அகில உலக ஆன்மிக டிஜிட்டல் சேவை மையம்' என்று அதில் எழுதியிருக்கும். உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு அன்புச்செல்வி. அடி அண்ணாமலையிலிருந்து ஸ்கூட்டியில் வந்து எல்லா வேலையையும் பார்ப்பவள் அவள். ஆதிமூலத்தின் வேலை, 'கணினி வித்தகர்' ஆக இருப்பது. வியாபாரிகள் கூட்டத்தில் கொடுத்த பட்டம் அது. சால்வையை மட்டும் அவரே வாங்கிக்கொண்டு போயிருந்தார்.

கார்த்திகை தீபத்துக்கு இன்னும் ஒரு வாரம்தான். இனிமேல் வரும் கூட்டத்தில் பாதிப் பேர் திரும்பிப் போக டிக்கெட் போட இந்த ரோட்டுக்குத்தான் வருவார்கள். வித்தகரின் கம்ப்யூட்டரிலோ டிக்கெட் பக்கம் திறக்கவில்லை. போன வாரம் கரண்ட் பில் கட்டும் பக்கம் போயிற்று. அதற்கு முன்னால் வேறொன்று.

"அக்டோபரோட விண்டோஸ் டென்னுக்கு சப்போர்ட் முடிஞ்சிடுச்சும்மா. பதினொண்ணு இந்த மெஷின்ல ஏறாது. பெத்தவனே கைவிட்டா யார் காப்பாத்துறது?"

"எங்க சித்தப்பா வீட்லயும் அதே டென்னுதான் சார். அதுல டிக்கெட் வருதே?"

"அது வீடு. இது நிறுவனம்."

குரலில் கம்பீரம் இருந்ததே தவிர, கண் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. மச்சான் ராமதாஸ் மதியம் வருவதாகச் சொல்லியிருந்தான். கடை ஓடாவிட்டால் இந்த இடம் அவனுக்கு ஜூஸ் கடை. ஆதிமூலத்துக்கோ கீழ்பென்னாத்தூரில் அவன் ஹாலோ பிளாக் கம்பெனியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. லோடு எண்ணிக்கொண்டு, மனைவியின் தம்பியைக் காலையில் எழுந்து நின்று வரவேற்றுக்கொண்டு, மிச்ச ஆயுளை அதில்தான் கழிக்க வேண்டும்.

"வர்றவர் இதையாவது சுத்தமா பாக்கட்டும்" என்று அன்புச்செல்வி ஈரத்துணியை எடுத்தாள்.

"பொட்டைத் தொடாதம்மா!"

ஆயுத பூஜையன்று மானிட்டரின் வலது கீழ் மூலையில் அவர் அப்பிய சந்தனமும் குங்குமமும் அப்படியே காய்ந்து கிடந்தன. சாமிப் பொட்டாயிற்றே என்று இத்தனை நாளும் யாரும் கை வைக்கவில்லை. அவர் எழுந்து வருவதற்குள் அவள் துடைத்துவிட்டாள். அடியிலிருந்து தேதி வெளியே வந்தது.

அவள் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"சார், ஊருக்கு கார்த்திகை மாசம். நம்ம கம்ப்யூட்டர் இன்னும் புரட்டாசியில சுண்டல் தின்னுட்டு இருக்கு!"

ஆதிமூலம் தொண்டையைச் செருமினார். ஒரு தடவை போதவில்லை. மறுபடியும் செருமினார்.

"சப்போர்ட் முடியற தேதி வந்தாத்தானேம்மா முடியும்? அதான் தினம் காலையில கடை தொறந்ததும் ஆயுத பூஜைக்கே திருப்பி வெச்சிடுவேன்."

பயணத்துக்கு நாள் சரியில்லை என்றால், முந்தின நல்ல நாளிலேயே பையை மட்டும் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்து, கிளம்பிவிட்டதாகக் கணக்குக் காட்டும் குடும்பம் அவருடையது. நாளை ஏமாற்றுவது அவருக்குக் கைவந்த கலை.

"பக்கம் திறக்காதப்ப ஒரு எச்சரிக்கை வருமே சார், அதுல என்ன போட்டிருக்கும்?"

"வந்ததுமே மூடிடுவேன். அதெல்லாம் படிச்சா பயம்தான் ஜாஸ்தியாகும்."

அன்புச்செல்வி இந்தத் தடவை மூட விடவில்லை. 'உங்கள் கடிகாரம் பின்தங்கியுள்ளது' என்று அது பணிவாகவே சொல்லியிருந்தது.

"சப்போர்ட் போனா புதுசா பாதுகாப்பு அனுப்ப மாட்டாங்க, அவ்ளோதான் சார். மெஷின் அன்னிக்கே மூச்சை நிறுத்திடாது. பக்கம் ஒவ்வொண்ணுக்கும் தேதி போட்ட சான்று உண்டு. போன வாரம் பொறந்த சான்றை ரெண்டு மாசம் முன்னாடி நின்னுட்டுப் பாத்தா மெஷின் எப்படி நம்பும்?"

அவர் மவுஸைத் தானே வாங்கிக்கொண்டார். தேதியை இன்றைக்குக் கொண்டுவந்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். கம்ப்யூட்டர் சாகவில்லை. டிக்கெட் பக்கம் திறந்தது. கரண்ட் பில்லும் திறந்தது.

"ஒரு வருஷத்துக்குப் பாதுகாப்பை நீட்டிக்க வழி வெச்சிருக்காங்க சார், பதிஞ்சிடலாம். அதுக்குள்ள விண்டோஸுக்குப் பதிலா காசில்லாம கிடைக்கிற லினக்ஸைப் போட்டுப் பழகிக்கலாம்."

"அது எனக்கு வருமா?" என்று வித்தகர் கேட்டார். பட்டம் வாங்கிய நாளிலிருந்து அவர் வாயிலிருந்து வந்த முதல் சந்தேகம் அது.

"ரெண்டு பேரும் சேந்து தப்பு பண்ணலாம் சார்."

மதியம் ராமதாஸ் அளவு டேப்போடு வந்தபோது, வாசலில் ஒரு ஆந்திரா குடும்பம் டிக்கெட்டுக்கு நின்றிருந்தது. அவன் போர்டையும் வரிசையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்ன மாமா, கம்ப்யூட்டர் செத்துடுச்சுனு அக்கா சொல்லுச்சு?"

"கொஞ்சம் பின்தங்கி இருந்துச்சு மச்சான். நானுந்தான். அந்த டேப்பைக் குடு, அன்புக்கு ஒரு டேபிள் போடணும். லினக்ஸுக்கு நல்ல நாளும் பாக்கணும்."

"நாள் அப்புறம் பாக்கலாம் சார்" என்றாள் அன்புச்செல்வி, டிக்கெட்டை நீட்டியபடி. "நாளைக்குக் காலையில தேதி மேல கை வைக்காம இருங்க, போதும்."