முப்பதுக்குக் கீழே

மகள் ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அம்மா கண்ணைத் திறக்காமலே “முப்பது” என்றாள்.

காலையிலிருந்து இது நான்காவது தடவை. நாடித்துடிப்பை எண்ணுகிறாள் என்று நர்ஸ் நினைத்தாள். மாதக் கடைசியில் ஏதோ இருக்கிறது என்று அண்ணன் காலண்டரைப் புரட்டினான். மகளுக்குத்தான் பிடிபட்டது.

அம்மா குடிநீர் வாரியத்தில் புரோகிராம் எழுதியவள். ஊர் முழுக்கத் தண்ணீர் இணைப்பு கொடுத்த தேதிகள் அங்கே மெயின்ஃப்ரேம் என்ற பெரிய கம்ப்யூட்டரில் கிடந்தன. இடத்தை மிச்சம் பிடிக்க, வருடத்துக்குக் கடைசி இரண்டு இலக்கம் மட்டும். இரண்டாயிரம் பிறந்தால் பூஜ்யம் பூஜ்யம் போய்த் தொண்ணூற்றொன்பதுக்கு முன்னால் நிற்கும். நேற்றுக் கொடுத்த இணைப்பு பட்டியலின் தலையில் ஏறிக்கொள்ளும். எல்லாவற்றையும் திருத்த நேரமில்லை. அம்மா ஒரு விதி எழுதினாள்: முப்பதுக்குக் கீழே என்றால் இரண்டாயிரம், மற்றதெல்லாம் ஆயிரத்துத் தொள்ளாயிரம். வாரியத்தின் முதல் இணைப்பே ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில்தான். இரண்டாயிரத்து முப்பது வந்தால் மட்டும் புது இணைப்புகள் நூறு வருடம் பின்னால் போய்விடும். அதற்குள் யாராவது சரிசெய்துவிடுவார்கள் என்று அம்மா சாப்பாட்டு மேஜையில் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அன்றைக்கு அது எட்டாத தூரம்.

மகள் வராந்தாவுக்குப் போய் வாரியத்துக்குப் போன் போட்டாள். இப்போதைய கம்ப்யூட்டர் பிரிவு அதிகாரி ஒரு காலத்தில் அம்மாவின் பக்கத்து மேஜைக்காரர். அந்தப் புரோகிராம் இன்னும் அப்படியே ஓடுகிறது, ஓடுகிறதில் எதற்குக் கை வைப்பது என்று யாரும் தொடவில்லை என்றார். பிறகு, அக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்டார். வந்து பாருங்கள் என்று சொல்லிப் போனை வைத்தாள்.

உள்ளே வந்து கட்டில் ஓரமாக உட்கார்ந்தாள்.

“மாத்திட்டாங்கம்மா. நாலு இலக்கம் ஆக்கிட்டாங்க.”

அம்மா கண்ணைத் திறந்தாள். “டெஸ்ட் பண்ணாங்களா?”

“பண்ணிட்டாங்க.”

“லீப் வருஷம்?”

“அதையும் சேர்த்துத்தான்.”

அம்மா அவளையே பார்த்தாள். சின்ன வயதில் வீட்டுப்பாடம் முடித்தாயிற்று என்று சொன்னபோதெல்லாம் பார்த்த பார்வை. பிறகு அவள் முழங்கையில் மெல்ல இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் மூச்சு அடங்கிவிட்டது.

மறுநாள் காலை அதிகாரி வந்தார். அம்மாவின் காலடியில் வெகுநேரம் நின்றார். மகள் அவரை வாசல் பக்கம் அழைத்துப் போய், தான் சொன்ன பொய்யைச் சொன்னாள்.

“சொல்லிட்டேன் மாமா. இனிமே அது பொய்யா இருக்கக் கூடாது.”

அவர் சட்டைப்பையில் காகிதம் தேடினார். இல்லை. பேனாவைத் திறந்து இடது உள்ளங்கையில் ‘நாலு இலக்கம்’ என்று எழுதிக்கொண்டார்.

வண்டி வந்துவிட்டது, தூக்க ஆள் கூப்பிட்டார்கள். அவர் போய் வலது தோளைக் கொடுத்தார். இடது கையை மட்டும், மை காயட்டும் என்று, விரித்தே வைத்திருந்தார்.