டெஞ்சிராவில் இருந்த வாரிசு

2024 அக்டோபர் 17, வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு 'முடியும் முரசும்' என்ற கணினி விளையாட்டின் இரண்டாம் பாகம் உலகமெங்கும் விற்பனைக்கு வந்தது. மறுநாள் அதே நேரத்தில், ஆடிப் பார்த்துக் கருத்து எழுதியவர்களில் நூற்றுக்கு முப்பத்தாறு பேர்தான் அதை நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள்.

மற்றவர்கள் எழுதியதைக் கானாவில், பழைய அசாந்தி அரசின் தலைநகரான குமாசியில், அசோக்வாவிலிருந்த தன் வீட்டில் உட்கார்ந்து பிராகோ சர்ப்போங் ஒவ்வொன்றாகப் படித்தாள். போலந்திலிருந்து ஒருவர் தங்கள் ஊரில் இவ்வளவு பனி பெய்யாது என்று எழுதியிருந்தார். கொரியாவிலிருந்து ஒருவர் பதினொரு மணி நேரம் எழுந்திருக்காமல் ஆடி முடித்து, 'யானை மெதுவாக நடக்கிறது' என்று ஒரே வரியில் சொல்லியிருந்தார். பனியும் யானையும் அவள் பொறுப்பில்லை. அசாந்தி நாடு அவள் பொறுப்பு. அசாந்தியைப் பற்றிய புகார்கள் மட்டும் நானூற்றைத் தாண்டியிருந்தன.

ஒரு நாட்டைத் தேர்ந்தெடுத்து முந்நூறு வருடம் ஆள்வதுதான் ஆட்டம். ஒன்பது வருடங்களுக்கு முன் வந்த முதல் பாகத்தில் ராஜா இறந்தால் மகன் ராஜாவானான். பிரான்சுக்கும் அதே விதி, ஜப்பானுக்கும் அதே விதி, அசாந்திக்கும் அதே விதி. அப்போது வரலாறு படித்துக்கொண்டிருந்த பிராகோ, அசாந்தியில் அப்படி நடக்காது என்று தயாரிப்பாளர்களுக்குப் பதினான்கு பக்கம் எழுதி அனுப்பினாள். பதில் வர ஏழு வருடம் ஆயிற்று. வந்த பதில் வேலைக்கான அழைப்பு. அடுத்த இரண்டு வருடம் அவள் வீட்டிலிருந்தே அந்த வடக்கு ஐரோப்பிய நிறுவனத்துக்காக அசாந்தி விதிகளை எழுதினாள். அவற்றில் முதலாவது வாரிசு விதி. ராஜா இறந்தால் மகனுக்கு ஒன்றும் கிடையாது. ராஜாவின் சகோதரர்களிலோ, சகோதரிகள் பெற்ற ஆண்களிலோ ஒருவனை, அரச குடும்பத்தின் மூத்த பெண்ணான அரசித்தாய் சொல்வாள். மருமக்கள் வழி.

வெளிநாட்டுக்காரர்கள் குழம்புவார்கள் என்று அவள் எதிர்பார்த்தாள். குழம்பினார்கள். அசாந்தியில் ராஜா இறந்தார் என்று வாய்விட்டுச் சொல்கிற வழக்கமில்லை என்பதால், திரையில் 'பெரிய மரம் சாய்ந்தது' என்று வரும்படி செய்திருந்தாள். கனடாவிலிருந்து ஒருவர், 'காற்று மழை பற்றிய அறிவிப்பு என்று நினைத்து மூடிவிட்டேன், கண்ணைத் திறந்தால் வேறு ராஜா' என்று எழுதியிருந்தார். அதைப் படித்து அவள் சிரித்தாள். சிரிப்பு வராத புகார் குமாசியிலிருந்தே வந்தது.

என்சியா போவாச்சி மேற்கு ஆப்பிரிக்கப் போட்டியை இரண்டு முறை வென்றவன். அவன் ஆடுவதை நேரலையில் பார்க்க ஒரு கூட்டமே இருந்தது. வியாழக்கிழமை மாலை பன்னிரண்டாயிரம் பேர் பார்க்க அவன் அசாந்தியை எடுத்தான். முதல் பாகத்தில் எல்லோரும் செய்கிற உத்தி ஒன்று உண்டு: ராஜாவின் சகோதரி மகனைப் பக்கத்து நாடான டெஞ்சிராவிடம் பிணையாகக் கொடுத்தால் இருபது வருடம் சண்டையில்லை. கொடுத்தவனுக்கு நஷ்டமும் இல்லை. என்சியா யோசிக்காமல் அதையே செய்தான். ராஜாவின் மகனுக்குத் தன் பெயரை வைத்தான். அவனுக்கு வில், துப்பாக்கி, படை நடத்துதல் எல்லாம் கற்றுக்கொடுத்தான். நாற்பத்தோராவது வருடம் பெரிய மரம் சாய்ந்தது. அரசித்தாய் சகோதரி மகனின் பெயரைச் சொன்னாள். மருமகன் டெஞ்சிரா அரண்மனையில் இருந்தான். டெஞ்சிரா ராஜா அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, மாலை போட்டு அனுப்பிவைத்தார். அசாந்தி கப்பம் கட்டும் நாடாயிற்று.

"இது பிழை," என்றான் என்சியா, கேமராவைப் பார்த்து. "நான் வளத்த பையன் நிக்கறான், எவனோ வந்து உக்காந்துக்கறான். குமாசிக்காரன் நான் சொல்றேன். உடைஞ்ச ஆட்டம் இது. போய் எழுதுங்க."

போய் எழுதினார்கள்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு, தயாரிப்புக் குழுவின் தலைவர் ஹென்னிங் பிராகோவைத் திரையில் அழைத்தார். சத்தம் போடுகிற மனிதரல்ல.

"திங்கக்கிழமை காலையில பத்து மணிக்கு முதல் திருத்தம் போகுது. அசாந்திக்கும் அப்பாவுக்கு அப்புறம் மகன்னு மாத்திடலாம்னு இங்க பேசறாங்க."

"அது பிழை இல்ல, ஹென்னிங்."

"எனக்குத் தெரியும். நீ எழுதிக் குடுத்ததை எல்லாம் நான் படிச்சவன். ஆனா அந்த ஊர்ல பெரிய ஆட்டக்காரரே தப்புன்னு சொல்றார். இங்க இருக்கறவங்க கேக்கறாங்க, குமாசிக்காரருக்கே தெரியாத குமாசி வழக்கம் என்ன வழக்கம்னு. நான் என்ன சொல்ல?"

"அவனுக்குத் தெரியும்."

"தெரிஞ்சுதான் பிழைங்கறாரா?"

பிராகோவுக்கும் அதுதான் புரியவில்லை. "திங்கக்கிழமை பத்து மணின்னுதானே சொன்னீங்க," என்றாள். "அதுக்குள்ள அவனே சொல்லுவான்."

"சொல்லலன்னா?"

"சொல்லுவான்."

குமாசியின் பான்டமா பகுதியில் ஒரு முடிதிருத்தும் கடையின் மாடியில் டாச்சி நடத்துகிற விளையாட்டு நிலையம் இருக்கிறது. பதினான்கு கணினிகள், இரண்டு மின்விசிறிகள். என்சியா சனிக்கிழமை பிற்பகல்களில் அங்கிருந்துதான் ஆடுவான். குமாசியில் சனிக்கிழமை சாவுச் சடங்குகளின் நாள் என்பதால், அன்று அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் கறுப்புத் துணியிலோ சிவப்புத் துணியிலோ நேராகச் சடங்கிலிருந்து வருவார்கள். பிராகோ மூன்று மணிக்குப் போனபோது டாச்சி வாச்சே என்ற பயறுச் சோறு வாங்கிவந்து இலையைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"சிஸ்டர் பிராகோ, நீங்க வந்தது நல்லதுக்கா கெட்டதுக்கா? காலையிலேர்ந்து பசங்க உங்க பேரைத்தான் சொல்றாங்க. நல்லவிதமா இல்ல."

"என்சியா வருவானா?"

"வருவான். சடங்குக்குப் போயிருக்கான். உக்காருங்க. சாப்பிடுறீங்களா? முட்டை ஒண்ணுதான் இருக்கு, அது என்னோடது."

மூன்றரைக்கு என்சியா படியேறி வந்தான். இருபத்தேழு வயது, உயரமான ஆள். இடது தோளில் போட்ட கறுப்புத் துணி கதவில் சிக்காமலிருக்க அதைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தான்.

"வந்துட்டார்யா, டெஞ்சிராவோட ஆளு," என்றான் டாச்சி. "இந்த மாசக் கப்பம் கட்டியாச்சா?"

கணினிகளுக்கு முன்னாலிருந்த பையன்கள் சிரித்தார்கள்.

"சிரிங்க, சாலே, சிரிங்க," என்றான் என்சியா. சாலே என்றால் அங்கே நண்பா என்று அர்த்தம். "ஆட்டத்தைக் கெடுத்தவங்களே இங்க உக்காந்திருக்காங்க, அவங்களைக் கேளுங்க." அவன் பிராகோவின் பக்கம் திரும்பி, சற்றுத் தலை தாழ்த்தினான். "மத்தியான வணக்கம், சிஸ்டர். மரியாதைக் குறைவா நினைக்காதீங்க. ஆனா நீங்க போட்ட விதி விதியே இல்ல. இருபது வருஷம் ஒருத்தனைத் தயார் பண்றேன். கடைசில அவன் வெளிய நிக்கறான். எந்த ஊர்ல நடக்கும் இது?"

பிராகோ பதில் சொல்வதற்குள் டாச்சி குறுக்கிட்டான். அவனுக்கு ஆட்டத்தைவிடச் சாவு வீட்டுச் செய்தியில்தான் ஆர்வம்.

"அது கிடக்கட்டும். சடங்கு எப்படி? கூட்டமா?"

"தெருவே அடைச்சுப் போச்சு. மாமாவுக்கு எவ்வளவு ஆளுன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

"உன் அம்மா கூடப் பொறந்தவர்தானே?"

"ஆமா, தாய்மாமா. மூத்தவர்." என்சியா நாற்காலியில் உட்கார்ந்து துணியை மடியில் சேர்த்துக்கொண்டான். "போன வாரமே குடும்பத்துல பேசி முடிச்சுட்டாங்க. இன்னிக்கு எல்லார் முன்னாடியும் பேரைச் சொன்னாங்க. நான்தான்."

"நீதான்னா?"

"நான்தான், சாலே. அவர் இடத்துல. கோட்டேயில இருக்கற வீடு, கொக்கோத் தோட்டம், யார் கல்யாணம், யார் சண்டை, எல்லாம் இனிமே என் தலையில. பெரியவங்க கையைப் புடிச்சு உக்கார வச்சாங்க. எனக்கு வேர்த்துப் போச்சு."

"அவருக்குப் பசங்க இருக்காங்களே," என்றான் டாச்சி. "மூணு பேர். பெரியவன் கடைசி வரைக்கும் அந்தத் தோட்டத்துலயே கிடந்தானே."

"இருந்தா? அவங்க அவங்கம்மா வீட்டு ஆளுங்க. அவங்களுக்கு அவங்க மாமா இருக்காரு."

ஒரு பையன் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தான். டாச்சி கரண்டியை இலையில் வைத்தான்.

"என்சியா," என்றான் மெதுவாக, "நீ இப்ப என்ன சொன்ன?"

"என்ன சொன்னேன்?"

"அந்தப் பெரிய பையன் இருபது வருஷம் தயாரா இருந்தான். இப்ப வெளிய நிக்கறான். எவனோ வந்து உக்காந்துக்கிட்டான்." கரண்டியால் என்சியாவின் கறுப்புத் துணியைச் சுட்டினான். "எந்த ஊர்ல நடக்கும் இதுன்னு கேட்டியே. அந்த ஊருக்குத்தான் காலையில போய்ட்டு வந்திருக்க."

அறை முழுவதும் சிரித்தது. ஒருவன் மேசையைத் தட்டினான். என்சியா சிரிக்கவில்லை. பிராகோவும் சிரிக்கவில்லை. என்சியா தன் துணியின் ஓரத்தை இரண்டு முறை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தான்.

"அது வீடு," என்றான் கடைசியில். "இது ஆட்டம். ஒன்பது வருஷமா ஆட்டத்துல அப்பன், மகன். கை அப்படியே பழகிடுச்சு. உக்காந்ததும் நான் குமாசிக்காரன் இல்ல, சிஸ்டர். பிரான்சுக்காரன், ஜப்பான்காரன், யாரு வேணாலும்."

"தெரியுது," என்றாள் பிராகோ.

"என் மருமகனை நானே தூக்கி டெஞ்சிராகிட்ட குடுத்தேன். என் மாமா அப்படிப் பண்ணியிருந்தா எங்கம்மா அவரை வீட்டுக்குள்ள விட்டிருக்க மாட்டா." இப்போது அவனுக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது. உடனே அடக்கிக்கொண்டான். "ஆனா ஒண்ணு. உங்க மேலயும் தப்பு இருக்கு. குடும்பப் பக்கத்தைத் திறந்தா மேல ராஜா, அவருக்குக் கீழ பசங்க. சகோதரிங்க எங்க? மூணாவது பக்கத்துல, அடியில. பாக்கறவன் என்ன நினைப்பான்? ஒரு வரி கூட நீங்க சொல்லல."

பிராகோ யோசித்தாள். அந்தப் பக்கத்தின் அமைப்பு முதல் பாகத்திலிருந்து அப்படியே வந்தது. வெளிநாட்டுக்காரர்களுக்காக ஒரு குறிப்பு வைக்கலாமா என்று நிறுவனத்தில் ஒருமுறை கேட்டார்கள். குமாசிக்காரர்களுக்கு எதற்கு என்று அவளே வேண்டாமென்றிருந்தாள்.

"சரி," என்றாள். "அது என் தப்பு. விதி தப்பில்ல."

"விதி தப்பில்ல," என்றான் என்சியா. சொல்லிவிட்டுச் சுற்றிலும் பார்த்தான். "யாரும் இதைப் பதிவு பண்ணலையே?"

"பண்ணியிருந்தா நல்லது," என்றாள் பிராகோ. "பன்னிரண்டாயிரம் பேர்கிட்ட உடைஞ்ச ஆட்டம்னு சொன்ன வாய் அது. அவங்ககிட்டயே சொல்லு. திங்கக்கிழமை பத்து மணிக்கு அந்த விதியை எடுக்கப் போறாங்க."

"எடுத்துட்டு?"

"அப்பாவுக்கு அப்புறம் மகன்."

என்சியா டாச்சியைப் பார்த்தான். டாச்சி தோளைக் குலுக்கினான். "அப்படின்னா நீ கோட்டே வீட்டுச் சாவியைத் திருப்பிக் குடுத்துடு, சாலே," என்றான்.

நான்கு மணிக்கு என்சியா நேரலையைத் தொடங்கினான். உடை மாற்றிக்கொள்ளவில்லை. கறுப்புத் துணியோடு உட்கார்ந்து, முதல் ஐந்து நிமிடம் ஆட்டத்தைத் தொடாமல் பேசினான். இன்று காலை எங்கே போனேன், என்ன ஆனேன் என்று சொன்னான். "வியாழக்கிழமை நான் பிழைன்னு சொன்னேன். பிழை நான்தான். சிரிக்கறவங்க சிரிச்சு முடிங்க, காத்திருக்கேன்." பிறகு அசாந்தியை எடுத்தான். பார்ப்பவர்கள் எண்ணிக்கை பத்தொன்பதாயிரமானது. பிராகோவின் கைபேசிக்கு ஹென்னிங்கிடமிருந்து ஒரே வரி வந்தது: பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த முறை அவன் உடனே ராஜாவுக்குக் கல்யாணம் தேடவில்லை. முதலில் மூன்று சகோதரிகளுக்குக் கல்யாணம் செய்துவிட்டுப் பிறகுதான் ராஜாவுக்குத் தேடினான். டெஞ்சிரா பிணை கேட்டபோது ராஜாவின் மகனை அனுப்பினான்.

"பாவம்டா அவன்," என்றான் பின்னாலிருந்த ஒருவன்.

"அவனுக்கு அவன் மாமா இருக்காரு," என்றான் என்சியா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மருமகன்கள் நான்கு பேருக்கும் பயிற்சி கொடுத்தான். முப்பத்தெட்டாவது வருடம் பெரிய மரம் சாய்ந்தது. அரசித்தாய் இரண்டாவது மருமகனின் பெயரைச் சொன்னாள். புது ராஜா ஆறே வருடத்தில் டெஞ்சிராவை வென்று, பிணையாயிருந்த மாமன் மகனை மீட்டு வந்தான். நிலையத்தில் கைதட்டினார்கள். அடுத்த அரை மணியில், கடற்கரையிலிருந்து துப்பாக்கி வருகிற வழியை அங்கிருந்த ஃபான்டே நாட்டுக்காரர்கள் அடைத்துவிட, என்சியா தோற்றுப்போனான்.

"துப்பாக்கி விலை அநியாயம்," என்றான். "அதை யார் எழுதினது, சிஸ்டர்?"

"நானில்ல."

"எழுதினவர் குமாசிக்கு வரட்டும்."

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு முதல் திருத்தம் வெளியாயிற்று. அதில் பதினேழு மாற்றங்கள் இருந்தன. யானையின் வேகம் கூட்டப்பட்டது. அசாந்தி குடும்பப் பக்கத்தில் ராஜாவின் சகோதரிகளும் அவர்கள் பிள்ளைகளும் மேல் வரிசைக்கு வந்தார்கள். அதற்குக் கீழே ஒரு வரிக் குறிப்பு சேர்க்கப்பட்டது. வாரிசு விதி மாற்றப்படவில்லை. செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு, நன்றாக இருக்கிறது என்று சொன்னவர்கள் நூற்றுக்கு ஐம்பத்தெட்டு பேர். என்சியா தன் பழைய கருத்தை நீக்கிவிட்டுத் துப்பாக்கி விலையைப் பற்றிப் புதிதாக ஒன்று எழுதியிருந்தான். அதில் ஆட்டத்தைப் பரிந்துரைக்கிறேன் என்று குறித்திருந்தான்.