பேஸ் பெட்டி வந்த நாள்

தீபத் திருவிழாவுக்கு விட்ட ஸ்பெஷல் பஸ்ஸை மூன்று நாள் ஓட்டிவிட்டு, நண்பகலுக்குத்தான் டிரைவர் பரசுராமன் வீடு வந்து சேர்ந்தார். உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி இருந்தது. ஆனாலும் படுக்கவில்லை. ரேடியோ மெக்கானிக் கவுஸ் பாஷா பெரிய மரப்பெட்டியோடு கூடத்தில் காத்திருந்தார்.

இரண்டு வருஷத்து ஆசை அது. செங்கம் ரோட்டு டீக்கடை ஒன்றில் பாட்டு கேட்டபோது, தவில் அடி நெஞ்சுக்குள்ளேயே விழுந்தது. வீட்டு டேப் செட்டிலும் அப்படிக் கேட்க வேண்டுமென்று, அடி ஓசையை அதிரவைக்கும் பேஸ் பெட்டிக்குக் கவுஸ் பாஷாவிடம் சொல்லிவைத்திருந்தார்.

கவுஸ் பாஷா ஒயரை மாட்டிப் பாட்டைப் போட்டார். தரை அதிர்ந்தது. அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுத்தன.

"எப்படிண்ணே இருக்கு? பேஸ் ஜாஸ்தியா, கம்மியா?"

பாதத்தில் ஏறிய அந்த அதிர்வு பரசுராமனுக்குப் பழகினதுதான். இருபது வருஷமாக இடது காலுக்குப் பக்கத்தில் உறுமுகிற அதே இன்ஜின். கை தானாக கியரைத் தேடியது.

"பெட்டி அருமையா வந்திருக்கு பாய். ஆனா இன்னிக்கு மட்டும் அத கழட்டிடுங்களேன்" என்றார், கெஞ்சுகிற குரலில்.

"பத்து நாள் வேலைங்க இது!" கவுஸ் பாஷாவின் முகம் வாடியது. பிறகு பரசுராமனுடைய சிவந்த கண்களைப் பார்த்தார். ஒயரை உருவினார். பழைய ஸ்பீக்கரில் பாட்டு மெலிசாக ஓடியது.

மனைவி திரௌபதி சோற்றுத் தட்டோடு வந்தபோது, பரசுராமன் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார். எழுப்ப வேண்டாம் என்று ஜாடை காட்டிவிட்டு, கவுஸ் பாஷா சத்தமில்லாமல் வெளியே நடந்தார்.