பட்டப்பகலில் லைட் போட்ட கார்

1

இந்தக் கதை என் விரல்களில் பிறந்தது. செம்பட்டிச் சாலையில், வெயில் இன்னும் இறங்காத ஒரு சாயங்காலம், ஹெட்லைட் எரிய ஒரு பழைய வெள்ளைக் கார் வந்தது. எல்லோரையும் போல நானும் விரல்களை விரித்துக் குவித்து, ‘லைட் எரியுது’ என்று காட்டினேன். உள்ளே இருந்த பெண் சிரித்த சிரிப்பில் காரே குலுங்கியது. ஏன் சிரித்தாள்? தெரியவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

2

துயரம் மண்டிய அந்த மாலையில் முனீஸ்வரி...

(வேண்டாம். அவளுக்குத் துயரம் ஏதும் இல்லை.)

சித்தையன்கோட்டை முனீஸ்வரிக்கும் அவள் கணவன் இளஞ்செழியனுக்கும் ஒரு வருடமாக ஒரே சண்டை. சின்ன வெங்காயத்தைத் தரையில் கொட்டாமல், மூங்கில் பரண் கட்டிக் காற்றாட வைத்தது யாருடைய யோசனை? ‘என்னோடதுதான்’ என்று இருவருமே நின்றார்கள். வெங்காயம் அழுகவில்லை, சண்டையும் அழுகவில்லை. வானொலிக்காரர்கள் அவளைப் பேட்டி எடுத்தபோது இதையே கேட்டார்கள். என்ன பதில் சொன்னாள் என்பதை அவனிடம் மட்டும் அவள் சொல்லவில்லை. இன்று ஐந்தரைக்கு ஒலிபரப்பு. அந்நேரம் இருவரும் காரில், சாலையில்.

(செல்போனில் கேட்கலாமே என்பீர்கள். அந்த நிலையம் செல்லில் வராது. என் கதையில் அப்படித்தான்.)

காரில் புது ரேடியோ மாட்டி இரண்டு நாள்தான் ஆகிறது. பென்டிரைவில் பாட்டு அமர்க்களமாகப் பாடியது. ரேடியோ வைத்தால் வெறும் இரைச்சல். பின்பக்கத்து மோட்டார் ஆன்டெனா தலையையே நீட்டவில்லை.

3

வழியை மறித்த ஆட்டு மந்தைக்காக இளஞ்செழியன் லைட்டைப் போட்டான். ‘ஙொய்ங்’ என்று ஆன்டெனா எழுந்தது. அணைத்தான், படுத்துக்கொண்டது.

“மாமா! லைட்டப் போட்டாத்தான் அது எந்திரிக்குது!”

“அப்ப எரியட்டும், விடு.”

சாலை முழுக்க ஆட்கள் கை காட்டினார்கள்.

“இம்புட்டுப் பேரு கை காட்டுறாங்க. நான் எலக்சன்ல நின்னுருக்கலாம் புள்ள.”

அவள் சிரித்தது இதற்குத்தான் (என்று வைத்துக்கொள்வோம்). ஆனால் யாராவது கை காட்டினால் பழக்கத்தில் அவன் லைட்டை அணைத்துவிடுகிறான். பேட்டி நடுவில் அணைத்துவிட்டால்? புளியமரத்தடியில் காரை நிறுத்தினார்கள்.

4

இங்கே ஒரு மெக்கானிக்கைக் கொண்டுவர நினைத்தேன். முனீஸ்வரி முறைத்தாள். கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டரையே கழற்றி மாட்டுகிறவள் அவள்.

பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு ரேடியோவை வெளியே இழுத்தாள். ரேடியோ மாட்டியவர்கள் ஆன்டெனாவின் ஒயரை லைட் ஒயரோடு முறுக்கி வைத்திருந்தார்கள். ஆன்டெனாவை எழுப்ப வேண்டிய ரேடியோவின் நீல ஒயரோ சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. பிரித்தாள், நீலத்தோடு சேர்த்தாள், டேப் சுற்றினாள். பேட்டரியை மாட்டி ரேடியோவைப் போட்டதும், லைட் இல்லாமலே ஆன்டெனா எழுந்தது.

“வந்துருச்சு!” என்று குதித்தான் இளஞ்செழியன்.

ஆனால் பேட்டரியைக் கழற்றியதில், பதிந்து வைத்த நிலையங்களெல்லாம் அழிந்துபோயிருந்தன. ஐந்தரையும் தாண்டிவிட்டது. அவன் பதறிப்பதறித் திருகினான். இரைச்சல். மூட்டுவலித் தைலம். இரைச்சல். திடீரென்று அவள் குரல்:

“...பரண் யோசனை எங்க வீட்டுக்காரரோடதுங்க. நானா இருந்தா தரையிலதான் கொட்டிருப்பேன்.”

இளஞ்செழியனுக்குக் காது சிவந்துவிட்டது.

“ஏ புள்ள, பொய்யி! நீதான சொன்ன? நான் வம்புக்குல்ல நின்னேன்.”

“இல்ல மாமா, மூங்கிலத் தூக்கிட்டு வந்தது நீங்க.”

“நீ சொல்லித்தான தூக்குனேன்!”

5

முடிவு ஒன்று: யோசனை அவளுடையது. (அவள் ஒத்துக்கொள்ளவில்லை.)

முடிவு இரண்டு: அவனுடைய... (முடிக்கவே விடவில்லை அவன்.)

இருவருடையதும்தான் என்று ஒரு வாக்கியம் எழுதினேன். இரண்டு பேரும் சேர்ந்து அதைக் கார் ஜன்னல் வழியாக வெளியே எறிந்துவிட்டார்கள்.

எழுதியவன் நான்தான், எனக்கே தெரியாது. நீங்கள் ஒரு பெயரைச் சொல்லிக்கொள்ளுங்கள். அவர்கள் காதில் மட்டும் விழ வேண்டாம். யார் பெயரைச் சொல்கிறீர்களோ, அவர்தான் சண்டைக்கு வருவார்.