கதவக்காவும் முகம் தெரியாத முதலாளியும்

1

ஒரு பத்திரிகை ஆசிரியர் போனில் கேட்டார்: "புகழ் பெரிசா, பணம் பெரிசா? ஜாலியா ஒரு கதை குடுங்க சார்." சரி என்றேன். போனை வைத்ததும் கதவக்கா ஞாபகம் வந்தாள். இந்தக் கதையில் ஜாலி கிடையாது.

2

முதல் தொடக்கம்: 'ஊரே அறிந்த ஒரு பெண் இருந்தாள், அவள்...' வேண்டாம். ராஜா ராணிக் கதை மாதிரி இருக்கிறது.

அவள் துணிக்கடையில் அளவு திருத்தித் தரும் தையல்காரி. கணவன் ஒரு கிடங்கில் மூட்டை தூக்கினான். ஒரு மத்தியானம் அங்கே தீப்பிடித்தது. திருட்டுப் பயத்தில் பின்கதவை வெளியே பூட்டி வைத்திருந்தார்கள். சேதி கேட்டு ஓடி வந்தவள் அந்த இரும்புக் கதவில் மோதி மோதிக் கத்தினாள்: "கதவத் தொறங்கடா, பாவிங்களா!" யாரோ போனில் வீடியோ பிடித்தார்கள். திறந்தபோது கணவன் உயிரோடு இல்லை.

(இந்தப் பத்தியை இதற்கு மேல் நீட்ட எனக்கு மனசில்லை.)

3

அந்தக் கதறலுக்கு எவனோ மேளம் சேர்த்தான். அவ்வளவுதான், ஊர் முழுக்க அவள் குரல். குளியலறைக்கு வெளியே காத்திருப்பவனெல்லாம் அதைப் போட்டுவிட்டுச் சிரித்தான். 'கதவக்கா' என்று பேரும் வைத்தார்கள். "அக்கா, ஒரு தடவ சொல்லுங்களேன்" என்று கடைக்கே வந்து போனை நீட்டினார்கள். "வேடிக்க பாக்கத்தான் வர்றாங்க, வியாபாரம் நடக்கல. கொஞ்ச நாள் வீட்ல இரும்மா" என்றாள் கடைக்கார அம்மா. மகளையும் தேடிப் பிடித்துப் பள்ளி வாசலில் கேலி செய்தார்கள்; இனிப் போக மாட்டேன் என்று அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

(புகழின் நிலையாமை பற்றி இங்கே ஒரு பத்தி எழுதிக் கிழித்தேன். அந்தச் சனியன் நிலைக்காமல் போனால்தான் தேவலையே!)

4

கிடங்கு முதலாளிக்கு வருவோம். தேடித் தேடிப் பார்த்தேன், அவர் படம் ஒன்றுகூட இல்லை. (பாத்திரத்துக்கு முகம் தராதது எழுத்தாளனின் குறை என்பார்கள். இது என் குறையில்லை, அவர் காசு கொடுத்து வாங்கிய வசதி.)

தீ விபத்து விசாரணை நாளன்று அரசு அலுவலக வராந்தாவிலும் இரண்டு பேர் அவளோடு செல்ஃபி எடுக்க முண்டினார்கள். பக்கத்து நாற்காலியிலிருந்த வெள்ளைச் சட்டைக்காரர்தான், "பாவம், விடுங்கப்பா அவங்கள" என்று அதட்டித் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "நல்லா இருங்க சார்" என்று வாங்கிக் குடித்தாள்.

உள்ளேயிருந்து பியூன் கூப்பிட்டார்: "கிடங்கு ஓனர் வாங்க!"

வெள்ளைச் சட்டைக்காரர் எழுந்தார்.

5

என் வரைவில் அவள் செருப்பைக் கழற்றினாள். எழுதும்போது எனக்கு ஜில்லென்றிருந்தது. படித்துக் காட்டினேன். "நான் அப்படிச் செய்யலயே. ஆசையா இருந்தா நீங்க போய் அடிங்க" என்றாள்.

நடந்தது இதுதான். வாசலில் காத்திருந்தாள். அவர் வெளியே வந்ததும் காரிலிருந்து ஒரு சின்னப்பெண் ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கதவக்கா போனைத் தூக்கி இருவரையும் படமெடுத்தாள். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"என்ன வேணும்னாலும் தர்றேன்மா. அத மட்டும் அழிச்சிடுங்க."

போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

6

புகழா பணமா என்று அவளையே கேட்டேன்.

"பணந்தான் சார். இருந்திருந்தா எம் பொண்ண ஒளிச்சு வச்சிருப்பேன்." படத்தை என்னிடம் காட்டினாள். "போட்டு விடவா? அவரும் கொஞ்சம் பிரபலமாகட்டும்."

"படத்துல குழந்தைய மட்டும் வெட்டிட்டுப் போடலாமே?"

"அப்பன் மூஞ்சி தெரிஞ்சா புள்ளயத் தேடிப் பிடிக்க எவ்ளோ நேரமாகும்? எம் புள்ளயப் பிடிக்கலயா?"

போட்டாள் என்று ஒரு முடிவு எழுதினேன். அழித்தாள் என்று இன்னொன்று. இரண்டையும் அடித்துவிட்டேன். அவள் கதறலைக் கேட்டுச் சிரித்தவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் வந்து முடிக்கட்டும்.

நீங்கள் சிரித்தீர்களா?