நூற்று நாற்பது வோல்ட்டுக்குக் கீழே

இரும்பு பேசாது என்று யார் சொன்னது? அதைச் சுற்றிச் செம்புக் கம்பியைச் சுற்றி, ஒரு கெப்பாசிட்டரைத் துணைக்குச் சேர்த்து, மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பாருங்கள். முதலில் முணுமுணுக்கும். இன்னும் ஏற்றினாலும் அதே முணுமுணுப்புதான். பிறகு ஓரிடத்தில், தம்மாத்துண்டு கூட்டியிருப்பீர்கள், ஒரே தாவாகத் தாவி மேசையே அதிரும்படி உறுமத் தொடங்கிவிடும். கொடுத்ததற்குத் தக்கபடி வாங்கிக்கொள்கிற நல்ல பிள்ளை இல்லை அது.

அந்த உறுமலைத்தான் அவள் ஐந்து வருஷமாக ஆராய்ந்துகொண்டிருந்தாள். கல்லூரியில் எல்லோருக்கும் அவள் 'இரும்பக்கா'. அவளுடைய ஆய்வேட்டைப் பிழிந்தால் ஒரே வரிதான் மிஞ்சும்: நூற்று நாற்பது வோல்ட்டுக்குக் கீழே எப்போது சுவிட்சைப் போட்டாலும் இந்த இரும்பு உறுமாது. மின்நிலையங்களில் இப்படி உறுமித்தான் சில கருவிகள் வெடிக்கின்றன என்பதால் அந்த ஒரு வரிக்கு மதிப்பு உண்டு. வெள்ளிக்கிழமை வெளித்தேர்வாளர் வந்து, கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால் பட்டம். சனிக்கிழமை ரயில். ரயில் போய் நிற்கிற ஊரில் எட்டு வயது மகள், தன் அப்பாவோடு காத்திருந்தாள். போன கோடையிலேயே வந்துவிடுவதாகச் சொல்லிப் போகாமல் விட்ட அம்மா இவள்.

இந்த நேரம் பார்த்து இரும்புக்குக் கிறுக்குப் பிடித்தது.

லேப் அண்ணன் கண் ஆபரேஷனுக்காக இரண்டு வாரம் லீவு. அதுவரை அவள் பக்கத்து அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து "போடுங்கண்ணே" என்று குரல் கொடுப்பாள். சுவிட்சைப் போடுவதும் நிறுத்துவதும் அவர் வேலை. இப்போது இரண்டு அறைக்கும் அவளே ஓடினாள். நூற்று முப்பதில் போட்டாள், முணுமுணுப்பு. மறுபடி போட்டாள், உறுமல். அதே நூற்று முப்பது, அதே கம்பி, அதே இரும்பு! மீட்டரை மாற்றினாள், கெப்பாசிட்டரை மாற்றினாள், இரண்டு நாள் சாப்பாட்டைக்கூட மறந்தாள். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம், கை ஓய்ந்துபோய், இரும்பின் மேல் ஒரு சின்னச் சுருளை வைத்து ஸ்பீக்கரோடு இணைத்தாள். காந்தம் ஒன்றை மெல்லக் கிட்டே கொண்டுபோனால், இரும்புக்குள்ளே துணுக்குத் துணுக்காகத் திரும்புவது சத்தமாகக் கேட்கும். முறத்தில் அரிசி சரிகிற மாதிரி ஒரு சத்தம். ஜன்னல் வழியாக விழுந்த வெயில் மேசையில் ஏறிக்கொண்டிருந்தது. கன்னத்தை மேசையில் வைத்தபடி கேட்டுக்கொண்டே இருந்தவள் எப்போது கண்ணயர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

இரும்புக்குள்ளே ஒரு பெரிய கூட்டம் இருந்தது. கோடிக்கணக்கான பேர், விரல் நுனியளவு ஆட்கள், பாதிக்கு மேல் ஒரே பக்கம் பார்த்து நின்றார்கள். அவர்கள் நடுவே அவள் செருப்பில்லாமல் நடந்தாள். தரை வெதுவெதுவென்றிருந்தது. "ஏன் இப்படி நிக்கிறீங்க?" என்று ஒருவனைக் கேட்டாள். "கடைசியா விட்ட இடத்துல நிக்கிறோம். எங்களைக் கலைச்சுவிட யாருமே வரலையே," என்றான் அவன், குறைப்பட்டுக்கொள்கிற குரலில். விழித்தபோது அரிசிச் சத்தம் நின்றிருந்தது. என்ன கனவோ என்று முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

வியாழக்கிழமை லேப் அண்ணன் கறுப்புக் கண்ணாடியோடு வந்து சேர்ந்தார். அவள் தன் புலம்பலைத் தொடங்குவதற்குள்ளேயே அவர் கை வழக்கமான வேலைக்குப் போய்விட்டது. கெப்பாசிட்டரைக் கழற்றினார், குமிழைத் திருகி வோல்ட்டை மேலே கொண்டுபோனார், பிறகு பொறுமையாகப் பூஜ்யம் வரை இறக்கினார்.

"என்ன பண்றீங்கண்ணே?"

"தடவிக் குடுக்கறேன். ஒவ்வொரு தடவை நிறுத்தினதும் பண்றதுதானேம்மா? நீங்க உள்ள கம்ப்யூட்டர்ல ஏத்திக்கிட்டு இருப்பீங்க, அந்தக் கேப்புல முடிச்சிடுவேன். பட்டுனு நிறுத்தி அப்படியே விட்டா மெஷின் பாவம்ல."

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவர் தடவிக் கொடுத்ததெல்லாம் இரும்பில் மிச்சமிருந்த காந்தத்தை ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டிருக்கிறது. அந்த மிச்சம் இருந்தால்தான் நூற்று நாற்பதுக்குக் கீழேயும் அது உறுமுகிறது. ஐந்து வருஷக் கணக்கும் துடைத்த இரும்பின் கணக்கு. மின்நிலையத்தில் எந்த அண்ணன் உட்கார்ந்து தடவிக் கொடுக்கப் போகிறார்? நோட்டில் ஒரு வரி இல்லை. அவரும் சொன்னதில்லை, இவளும் எட்டிப் பார்த்ததில்லை. அட, பத்து அடி தூரம் எழுந்து வந்திருக்கக் கூடாதா மகராசி!

விஷயம் புரிந்ததும் அண்ணனுக்கு முகம் விழுந்துவிட்டது. பிறகு அவரே தேற்றினார்: "நாளைக்கு சுவிட்ச் போடப்போறது நான்தானே? வழக்கம்போலப் பண்ணிடறேன். நீங்க புள்ளைகிட்ட போய்ச் சேருங்க. மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கலாம்."

"சரிண்ணே," என்றாள் அவள். சொன்னதும் நிம்மதியாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் தேர்வாளர் அம்மா வந்தார். ஒல்லியான உடம்பு, பெரிய கைப்பை, வாயில் இருமல் மிட்டாய். அவர் அளவுகளைக் குறித்துக்கொள்கிற கேப்பில் அண்ணன் தடவித் தடவி ஏழு முறை போட்டார். ஏழு முறையும் இரும்பு சமர்த்தாக முணுமுணுத்தது. தேர்வாளர் பேனா மூடியைத் திறந்தார்.

"எப்போ போட்டாலும் இப்படித்தானே?"

ஆமாம் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. மகளின் சின்ன உள்ளங்கையைக்கூடத் தொட்டுவிட்ட மாதிரி இருந்தது. அதே நேரம், வேறெங்கோ ஒரு மின்நிலையத்தில், யாரோ ஒருவர் அந்த வரியை நம்பி சுவிட்சில் கை வைப்பதும் தெரிந்தது.

"இல்ல மேடம். அண்ணே, தடவாம போடுங்க."

அண்ணன், இவளுக்கு என்ன ஆயிற்று என்பதுபோலப் பார்த்தார். போட்டார். முணுமுணுப்பு. இரும்புக்கு எப்போதுமே குசும்பு ஜாஸ்தி. மறுபடி போட்டார், முணுமுணுப்புதான். மூன்றாம் முறை அறையே அதிர்ந்தது, மேசையிலிருந்து மீட்டர் ஒன்று நகர்ந்து விளிம்புக்கு வந்தது. அவள் நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள்.

தேர்வாளர் மிட்டாயைக் கடித்து நொறுக்கினார். பேனாவை மூடினார்.

"இதைப் போன வருஷம் கண்டுபிடிச்சிருக்கக் கூடாதா? மிச்சக் காந்தத்தையும் சேர்த்து அளவெல்லாம் முதல்லேர்ந்து எடுங்க. ஒரு வருஷமாவது ஆகும்." வாசல் வரை போனவர் திரும்பினார். "நல்லா எடுங்க. நானே வந்து பார்க்கறேன்."

அவள் வராந்தாவில் நின்று வீட்டுக்குப் போன் செய்தாள். மகள்தான் எடுத்தாள். இவள் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள்: "அம்மா நாளைக்கு வரலடா கண்ணு. வேலை முடியல."

அழுவாள், கத்துவாள், போனைப் போட்டு உடைப்பாள் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு நின்றாள்.

"பரவால்லம்மா," என்றது குரல், இவளைச் சமாதானப்படுத்துகிற மாதிரி. "போன தடவை கிளாஸ் பூரா சொல்லி வெச்சேன், எல்லாரும் சிரிச்சாங்க. அதான் இந்தத் தடவை நான் யார்கிட்டயும் சொல்லவே இல்ல."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"லைன்ல இருக்கியாம்மா?"

"இருக்கேன்," என்றாள்.