ஜூன் மாதத்து மே மரம்

கெர்வால் துரைக்குக் கர்னல் பதவி வந்த நாளிலிருந்து அவருக்குக் கால் தரையில் படவில்லை. இங்கிலீஷ்கார கவர்னர் கியூபெக்கிலிருந்து ஒரு சிவப்புக் கோட்டும் ஒரு பட்டமும், சண்டைக்கென்று இரண்டு பீப்பாய் வெடிமருந்தும் கொடுத்தனுப்பினார், அவ்வளவுதான். இங்கிலீஷ்காரர்கள் எங்கள் நாட்டைப் பிடித்த போன போரில் இதே மனிதர் பிரெஞ்சு ராஜாவுக்காக எங்கள் ஊர் ஆண்களை ஓட்டிக்கொண்டு போனார். என் அண்ணன் லாம்பேர் போனவன் போனவன்தான். துரை மட்டும் திரும்பி வந்தார், சட்டையில் ஒரு சேற்றுத் துளி இல்லாமல். இப்போது இங்கிலீஷ் ராஜாவுக்காக, அவரை எதிர்த்துக் கிளம்பியிருக்கிற பாஸ்டன்காரர்களோடு சண்டை போடப் போகிறாராம். தூ! கோட்டின் நிறம்தான் மாறியது, உள்ளே இருந்தது அதே ஆள்.

எங்கள் பக்கத்தில் மே முதல் தேதி நிலத்துரை வாசலில் மரம் நடுவோம். உயரமான ஊசியிலை மரத்தைப் பட்டை உரித்து, உச்சியில் மட்டும் ஒரு கொத்துக் கிளையை விட்டு நட்டு, ஆண்கள் துப்பாக்கியில் குண்டு போடாமல் வெறும் வெடிமருந்தைக் கெட்டித்து அதன்மேல் சுடுவார்கள். வெள்ளை மரம் கறுக்கும். எவ்வளவு கறுக்கிறதோ அவ்வளவு மரியாதை. மருந்து துரை வீட்டுச் செலவு. சுட்டது போதும் என்று அவர் வாயால் சொன்னால் அது அவருக்கே இழுக்கு.

அந்த வருஷம் மே மாதமே ஒன்று நட்டாயிற்று. ஜூனில் கர்னல் பதவி வந்ததும் இன்னொன்று வேண்டும் என்றார். அறுத்த புல் தரையில் காய்ந்துகொண்டிருந்த நேரம். ஒரு மழை பெய்தால் குளிர்காலத்தில் மாடுகளுக்கு மண்தான் தீனி.

"மே மரம் மே மாசத்துலதானே ஐயா?" என்று என் புருஷன் பிரிஸ்க் கேட்டுவிட்டான்.

"நான் கர்னல் ஆன மாசம்தான்டா மே மாசம்! எல்லாப் பயலும் துப்பாக்கியோட வந்து சேருங்க" என்றார் துரை. காலண்டரையே மாற்றுகிற அளவுக்குத் தலைகனம்.

அன்று காலை அப்பம் சுட என்னைத் துரை வீட்டு அடுப்படிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கூடத்துக் கதவு சாத்தியும் சாத்தாமலும் இருந்தது. உள்ளே துரையும், கோட்டையிலிருந்து வந்திருந்த வில்காக்ஸ் என்கிற இங்கிலீஷ் அதிகாரியும் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சண்டைக்குன்னு கூப்பிட்டா ஒருத்தனும் வரமாட்டான், காட்டுக்குள்ள ஓடிடுவான்" என்று துரை சிரித்தார். "மரம் நட வாங்கடான்னா துப்பாக்கியத் தூக்கிட்டு அவனவனே வருவான். மரியாதை முடிஞ்சதும் வாசல் கதவச் சாத்திட்டு, அப்படியே வரிசையில நிறுத்தி உங்க கோட்டைக்கு ஓட்டிட்டுப் போயிடலாம். ஆடு மாதிரி வருவானுங்க."

"மருந்து?" என்றார் அதிகாரி. "கோட்டையில பத்தாது. ஆள் வந்தா மருந்தோடதான் வரணும். இல்லாட்டி வெறும் திங்கிற வாய வச்சு நான் என்ன செய்ய?"

"கவர்னர் அனுப்பின பீப்பாய் ரெண்டும் அப்படியே இருக்கு. மரத்துக்குக் கொஞ்சம் கிள்ளிக் குடுத்தாப் போதும்."

அண்ணனைத் தின்றது பத்தாதென்று புருஷனையும் கேட்கிறான் இந்த ஆள்! அப்பம் கல்லில் கருகியது. கருகட்டும் என்று விட்டுவிட்டு பிராந்தித் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். வெளிவாசல் கதவில் காவல் நின்றது, ஆண்கள் எல்லாரும் முற்றத்துக்குள் வந்துவிட்டிருந்தார்கள். ஓடச் சொல்ல வழியில்லை.

மரத்தை நட்டு ஆப்பு அடித்துக்கொண்டிருந்த பிரிஸ்க்கிடம் தட்டை நீட்டினேன்.

"யோவ், சிரிச்சுக்கிட்டே கேளு. இன்னைக்கே உங்கள சண்டைக்கு ஓட்டிட்டுப் போகப் போறான். மருந்து இல்லாட்டி அந்த இங்கிலீஷ்காரன் ஆளையே சேத்துக்க மாட்டானாம். சுடுங்க. நிறுத்தாம சுடுங்க. பீப்பாய் அடி தெரியணும்."

பிரிஸ்க் ஒரு வாய் குடித்தான். சிரிக்கச் சொன்னேன் இல்லையா, சிரித்தான். பாவம், அழுவது போலத்தான் இருந்தது. பிறகு பக்கத்து ஆளின் காதில் குனிந்தான். நான் தட்டோடு அடுத்த ஆளிடம் போனேன்.

துரை முதல் வெடி வெடித்தார். கண்ணை மூடிக்கொண்டு சுட்டார், நான் பார்த்தேன். பிறகு எங்கள் ஆட்கள் ஆரம்பித்தார்கள். சுட்டவன் வரிசையின் கடைசிக்கு ஓடினான், கெட்டித்துக்கொண்டு மறுபடி வந்தான். "கெர்வால் துரை வாழ்க! கர்னல் வாழ்க!" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். துரை மீசையைத் தடவிக்கொண்டே இருந்தார். முதல் பீப்பாய் காலியானதும் மருந்து அளந்துகொண்டிருந்த கணக்குப்பிள்ளை கோலா தயங்கித் தயங்கி வந்தான்.

"ஐயா, ரெண்டாவதும் திறக்கச் சொல்றானுங்க. போதும்னு சொல்லிடட்டுமா?"

துரை அதிகாரியைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். பாதி மரம்தான் கறுத்திருந்தது. அதற்குள் அடுத்த ஈடு அப்பம் சுட்டு எடுத்து வந்து, துரை பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவிக்கு மேப்பிள் மரப் பாகு ஊற்றிக்கொண்டிருந்த நான், அந்தத் துரையம்மாவிடம் சொல்வது போல உரக்கச் சொன்னேன்:

"ஆத்துக்கு அக்கரைத் துரைக்கு வச்ச மரம் உச்சிக் கொத்து வரைக்கும் கறுத்துச்சாமே அம்மா! அவரு வெறும் கேப்டன்தானாம். நம்ம ஐயாவுக்குப் பாதியே போதும்னா, சரி, நமக்கென்ன."

துரையின் காது சிவந்தது. "யாருடி அவ, பாதின்னு சொல்றது? டேய் கோலா, திறடா! ஒரு சிட்டிகை கூட மிச்சம் வைக்காத! இது என் உத்தரவு!"

"கர்னல், வேண்டாம்" என்று அதிகாரி எழுந்தார்.

"நீங்க உக்காருங்க சார். என் ஜனங்க என் மேல வச்சிருக்கிற பிரியத்த நீங்களும் பாருங்க!"

பார்த்தார். நாங்களும் பார்த்தோம். அடி முதல் நுனி வரை மரம் அடுப்புக் கரியாகும்வரை சுட்டார்கள். கோலா பீப்பாயைக் கவிழ்த்துத் தட்டிக் காட்டினான். அப்புறம்தான் துரைக்கு மருந்து ஞாபகம் வந்தது. அந்த முகம் போன போக்கைச் சொல்லி மாளாது.

"உங்க ஆளுங்க உங்கள முட்டாளாக்கிட்டாங்களா?" என்று வில்காக்ஸ் எல்லார் முன்னாலும் கேட்டார்.

ஆமாம் என்றிருந்தால் எங்கள் முதுகுத் தோல் உரிந்திருக்கும். பிரிஸ்க் துப்பாக்கியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆனால் ஆமாம் என்று சொல்ல இந்த மனிதருக்கு வாய் வருமா?

"முட்டாளா? என்னையா? என் உத்தரவு இல்லாம இங்க ஒரு ஈ அசையாது. நான்தான் சுடச் சொன்னேன்!"

"ராஜாவோட மருந்து மொத்தத்தையும்?"

"மொத்தத்தையும்!"

"நல்லது. கவர்னர்கிட்ட அத நீங்களே வந்து சொல்லுங்க. குதிரையில ஏறுங்க." வில்காக்ஸ் எங்கள் பக்கம் திரும்பி, "மருந்து இல்லாம உங்கள வச்சு நான் என்ன செய்ய? நீங்க வீட்டுக்குப் போங்க" என்றார்.

துரையம்மா ஓவென்று அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. லாம்பேருக்காக அவள் வீட்டில் யார் அழுதார்கள்? துரை சேணத்தில் ஏறும்போது கோலா பின்னால் நின்று தள்ளிவிட வேண்டியிருந்தது. பாஸ்டன்காரர்கள் வந்தார்கள், அந்தச் சண்டையும் நடந்தது. எங்கள் ஊரிலிருந்து அதற்குப் போன ஒரே ஆள், கவர்னர் பிடித்து அனுப்பிய கெர்வால் துரைதான். பிரிஸ்க்கும் நானும், துரை குதிரை ஏறிப் போன அன்று பிற்பகலே, காய்ந்துகொண்டிருந்த புல்லைப் புரட்டிப் போட்டோம்.